கூடை தூக்கிவிட்ட கை

"நீ யாரும்மா?" என்று சின்னம்மாள் கேட்டாள். மூன்று நாளில் இது ஐந்தாவது முறை. கேட்டுக்கொண்டே வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பிரிசில்லா கேள்வியைக் காதில் வாங்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

"பக்கிரி, பாத்தியா?"

"பாத்தேன் சிஸ்டர். மூஞ்சிய மறந்துட்டாங்க. ஊசிய மறக்கல."

முந்தின நாள் சின்னம்மாளின் வலது உள்ளங்கையில் கெளுத்தி முள் ஒன்று முறிந்து நின்றிருந்தது. பிரிசில்லா ஊக்கு ஒன்றைத் தீக்குச்சியில் சுட்டு, குத்தி, கிளறி, முள்ளை எடுத்துப் போட்டாள். சின்னம்மாள் போட்ட கூச்சலில் நாலு வீடு கூடிவிட்டது. பத்து நிமிஷம் கழித்து அதே சின்னம்மாள், "யாரும்மா நீ, வீட்டுக் கணக்கெடுக்க வந்தியா?" என்று சிரித்துக்கொண்டே மோர் கொடுத்தாள். முள்ளும் நினைவில்லை, கூச்சலும் நினைவில்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் பிரிசில்லா பக்கத்தில் வந்ததும் அந்தக் கை மட்டும் ஓடி ஒளிந்துகொண்டது.

"கைய ஏன்க்கா மூடுற?"

"தெரியல. குளுருது போல."

அது ஜூலை மாதம். நாச்சியார்குப்பத்துச் சுனாமிக் குடியிருப்பின் கான்கிரீட் வீடு அடுப்பு மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. பக்கிரி நெற்றி வேர்வையை வழித்துச் சுண்டினான்.

"எம் பொண்டாட்டிக்கு நேர் எதிரு சிஸ்டர். அவளுக்குக் கை மறந்துடும், வாய் மறக்காது."

"உனக்கு ரெண்டும் மறக்கல. சும்மா இரு."

பிரிசில்லா கடலூர் அரசு ஆஸ்பத்திரியில் தலைக்காய வார்டில் இருபத்து மூன்று வருஷம் நர்ஸாக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். பக்கிரி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆபீஸுக்குக் காரும் அவன்தான், கூர்க்காவும் அவன்தான், சம்பளம் கேட்காத ஒரே ஆளும் அவன்தான். அவள் நர்ஸாக இருந்த காலத்திலிருந்து அவனுக்கு அவள் 'சிஸ்டர்'.

இந்த வீட்டுக்கு அவர்களைக் கூப்பிட்டது சின்னம்மாளின் ஒரே மகள் சினேகா. இருபது வயசு, எட்டு மாதக் கர்ப்பம். அவள் புருஷன் சார்லஸ் ஏழு மாதமாகக் கேப்பர் மலை ஜெயிலில் இருந்தான். மாமியாரைக் கொல்லப் பார்த்தான் என்று வழக்கு. ஜாமீன் மூன்று தடவை தள்ளுபடி. வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் சின்னம்மாளையே சாட்சிக் கூண்டில் ஏற்றப்போகிறார்கள்.

அவள் என்ன சொல்வாள் என்பது ஊருக்கே தெரியும்.

போன டிசம்பர் இருபத்தேழாம் தேதி காலை, சிதம்பரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துப் பாழ் சத்திரத்துச் சுவரோரம் அவள் பின்மண்டை உடைந்து கிடந்தாள். மீன் கூடை கவிழ்ந்து கிடந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அடிபடுவதற்கு முந்தைய நாலைந்து மாதம் அவள் தலையிலிருந்து அழிந்துபோயிருந்தது. அடிபட்ட பிறகு நடப்பதும் பத்து நிமிஷத்துக்கு மேல் தங்குவதில்லை. இன்ஸ்பெக்டர் யார் மேல் சந்தேகம் என்று கேட்டபோது, "வேற யாரு, எம் பொண்ண இழுத்துட்டு ஓடுன சார்லஸ்தான்" என்றாள். பத்து நிமிஷம் விட்டுக் கேட்டார்கள். எழுத்து மாறாமல் அதே பதில். இவ்வளவு உறுதியான சாட்சியை அவர்கள் பார்த்ததே இல்லையாம்!

அவள் சொன்னது பழைய கோபம். காதல் கல்யாணம், வேற மதம். அந்தக் கோபம் அழியாத பக்கத்தில் எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

"அத்த ஒருத்தங்கதான் எங்களுக்குத் தொண," என்றாள் சினேகா. வாசலில் ஒரு தட்டும் சீப்புமாக வந்துகொண்டிருந்த பெண்ணைக் காட்டி, "சௌந்தரம் அத்த. அம்மாவோட கூடை ஜோடி. பதினெட்டு வருசம்."

சௌந்தரம் ஒல்லியான பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். சின்னம்மாள் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரித்தாள். "வாடி! இன்னும் மீனுக்குப் போவலையா நீ?"

"போவணும்டி. நீ மொதல்ல சாப்புடு."

உருட்டி ஊட்டினாள் சௌந்தரம். சின்னம்மாள் குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டாள். பார்க்கிறவர் கண்ணில் நீர் வரும். ஊட்டி முடித்து, வாய் துடைத்து, சீப்பை எடுத்துக்கொண்டு சௌந்தரம் பின்னால் போய் உட்கார்ந்தாள். சின்னம்மாள் சட்டென்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"திரும்புடி, சிக்கெடுக்கணும்."

"குடு, நானே வாரிக்கிறேன்."

"தினமும் இப்படித்தான்," என்றாள் சினேகா. "நான் வாருனா வுடும். அத்த வாருனா வுடாது. அத்த அழுத்தி வாரிடுவாங்க போல."

சௌந்தரம் சீப்பைக் கொடுத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

*

மறுநாள் விடிந்ததும் பிரிசில்லா அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். "நீ யாரும்மா?" என்று ஒருமுறை கேட்டு, கையை ஒளித்து, பிறகு வேலையில் மூழ்கிவிட்டாள் சின்னம்மாள். உலை வைத்தாள். சங்கரா மீனை அலசினாள். மீனுக்கு மசாலா தடவினாள். தடவாமல் இரண்டு துண்டை ஒதுக்கி உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டுப் பொரித்தாள். பழைய எவர்சில்வர் தூக்கு ஒன்றில் சோற்றை வைத்து, அந்த இரண்டு துண்டையும் மேலே வைத்து, மூடி, துணியில் முடிந்து, வாசல்படியில் கொண்டுபோய் வைத்தாள்.

"யாருக்குக்கா இது?"

சின்னம்மாள் தூக்கைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். "தெரியலயே. கை எடுத்து வச்சிடுச்சு."

"அப்பா நெனப்புல வைக்குதுன்னு வுட்டுட்டேன் சிஸ்டர்," என்று சினேகா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா செத்துப் பத்து வருசமாச்சு. சாயங்காலம் அத எடுத்து நான்தான் சாப்புடுவேன்."

"உங்க அப்பா காரம் சாப்பிட மாட்டாரா?"

"அவரா? பச்ச மொளகா இல்லாம சோத்துல கை வைக்கமாட்டாரு."

"அப்போ மொளகா போடாத மீனு யாருக்கு?"

சினேகா வாசல்படித் தூக்கைப் பார்த்தாள். மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவருக்கு அல்சர்," என்றாள். "சார்லஸுக்கு. மொளகா ஆவாது. ஆனா அது அம்மாவுக்குத் தெரியாதே! அம்மா அவருகிட்ட ஒரு வார்த்த பேசுனதில்லயே!"

"உனக்குத் தெரிஞ்சு பேசுனதில்ல."

போலீஸிடம் சார்லஸ் சொன்னது என்ன? அவன் சிதம்பரத்தில் ஒரு டூவீலர் மெக்கானிக் ஷாப்பில் வேலை பார்த்தவன். 'அத்தை மூணு மாசமா எனக்கு மதியச் சோறு கொண்டாந்து குடுக்குறாங்க. சினேகாவுக்கு அப்புறமாச் சொல்லிக்கலாம்னாங்க. அதை வாங்கத்தான் சத்திரத்துக்குப் போனேன். ரத்தத்தப் பாத்ததும் ஆட்டோ புடிக்க ஓடுனேன்' என்றான். இன்ஸ்பெக்டர் சிரித்தார். சின்னம்மாளிடம் கேட்டபோது, "அவனுக்கா? நாய்க்குப் போடுவேன், அவனுக்குப் போடமாட்டேன்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவன்மேல் கோபம் தீர்ந்துபோன மூன்று மாதமும் அழிந்துபோன பக்கத்தில் இருந்தன. மனசில் இல்லாத மருமகனுக்குக் கை தினமும் சோறு கட்டிக்கொண்டிருந்தது.

சினேகா அந்தத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அழுவாத," என்றாள் பிரிசில்லா. "கோர்ட்டுல தூக்கு சாட்சி சொல்லாது. அடிச்சது யாருன்னு தெரியணும்."

ஆட்டோவில் பக்கிரி ஆரம்பித்தான். "எனக்கு யாருன்னு தெரியும் சிஸ்டர். வேன் டிரைவரு சுப்பராயலு. இவுங்கள எல்லாம் குட்டியானை வேனுல ஏத்திட்டு சிதம்பரம் போறவன். எடம் நாறுதுன்னு சின்னம்மாக்காவ ஒரு தடவ கீழ புடிச்சுத் தள்ளியிருக்கான். மூஞ்சிய பாருங்க, கொலகார மூஞ்சி."

"உன் மூஞ்சிய ஆட்டோ கண்ணாடியில பாத்திருக்கியா?"

"அத பின்னாடி வர்றவன பாக்கத் திருப்பி வச்சிருக்கேன் சிஸ்டர். பயந்துடக்கூடாதுன்னு."

"சரி, ஒண்ணு சொல்லு. பின்மண்டையில காயம். போலீஸு என்ன எழுதுனாங்க?"

"பின்னாலேர்ந்து வந்து இரும்புப் பைப்பால அடிச்சான்னு. பைப்பு கெடைக்கல."

"உன் பின்மண்டைய எதிர்ல நிக்கிறவன் அடிக்க முடியுமா?"

"எப்படி முடியும்? நான் என்ன, தலைய குனிஞ்சு..." பக்கிரி பிரேக் போட்டான். பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிக்கொண்டு போனான். "முடி வெட்டும்போது குனிவேன் சிஸ்டர். சலூன்காரன் எதிர்லதான் நிப்பான்."

"மீன்காரம்மா எப்போ குனிவாங்க?"

பக்கிரி தன் பிடரியைத் தடவிக்கொண்டான். அவன் அம்மாவும் மீன்காரிதான்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபத்தைந்து கிலோ மீனும் ஐஸும் இருக்கிற அலுமினிய அன்னக்கூடையை ஒருத்தியால் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று விளிம்பைப் பிடித்து நெஞ்சு உயரம் தூக்குவார்கள். சுமக்கிறவள் தலையில் சும்மாட்டுத் துணியோடு குனிந்து கூடைக்கு அடியில் நுழைவாள். கண் தரையைப் பார்க்கும். இரண்டு கையும் மேலே போய் விளிம்பைப் பிடிக்கும். அந்த ஒரு மூச்சு நேரம் அவள் பிடரி, எதிரில் நிற்கிறவளின் கைக்குக் கீழே திறந்து கிடக்கும். அதனால்தான் யார் வேண்டுமானாலும் கூடை தூக்கிவிட மாட்டார்கள். ஜோடி என்று ஒருத்தி இருப்பாள்.

"தழும்பப் பாத்தேன், வளைஞ்ச காயம்," என்றாள் பிரிசில்லா. "பைப்பு வளையாது. கூடை விளிம்பு வளையும்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எல்லோரும் அந்தச் சத்திரத்துச் சுவரோரம் நின்றார்கள். பழைய இடத்தில் நின்றால் நினைவு வரலாம் என்று பிரிசில்லா சொல்லி வைத்திருந்தாள். சினேகா, வேன் டிரைவர் சுப்பராயலு, பக்கிரி, சௌந்தரம். சௌந்தரம் முதலில் வரமாட்டேன் என்றாள். இடுப்பு வலியாம். சினேகா கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

அன்னக்கூடையில் ஈரச் சாக்கும் அதன் மேல் கொஞ்சம் மீனும் மட்டும் இருந்தன. சின்னம்மாளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. இடத்தைப் பார்த்ததும் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "ம், யாரு கை குடுக்கிறா? நேரமாவுது" என்றாள்.

முதலில் பக்கிரி போனான். கூடை கோணிக்கொண்டு ஏறியது. ஒரு மீன் அவன் சட்டைக்குள் வழுக்கியது.

"ஏன்டா, உங்காத்தா உனக்கு இதுகூட சொல்லித் தரலியா?" என்று சிரித்தாள் சின்னம்மாள். தலை குனிந்தது. இரண்டு கையும் தாராளமாக மேலே போயின.

"அடுத்தது நீங்க," என்றாள் பிரிசில்லா சுப்பராயலுவைப் பார்த்து.

"நானா? எனக்கு இன்னா வேல இதுல?" முறைத்துக்கொண்டே வந்தான். பக்கிரி பிரிசில்லாவின் காதில், "இப்போ பாருங்க" என்றான். சுப்பராயலு தூக்கினான். சின்னம்மாள் அவனைத் திட்டிக்கொண்டே குனிந்தாள். "அன்னிக்கு என்னத் தள்ளுனவன்தானே நீ? புடி ஒழுங்கா!" கைகள் மேலே போயின. நடுக்கமே இல்லை.

பக்கிரியின் முகம் தொங்கிவிட்டது.

"சௌந்தரம்மா," என்றாள் பிரிசில்லா.

"எனக்கு இடுப்பு..."

"நாலு மீனுதான். வெயிட் இல்ல."

"வாடி சௌந்தரம்!" சின்னம்மாள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இவனுங்க கிட்ட என்ன வுட்டுட்டு எங்கடி போன? வா, வா."

சௌந்தரம் மெதுவாக வந்தாள். இருவரும் விளிம்பைப் பிடித்தார்கள். பதினெட்டு வருஷப் பழக்கம், ஒரே மூச்சில் கூடை நெஞ்சுக்கு வந்தது. இப்போது சின்னம்மாள் குனிய வேண்டும்.

குனியவில்லை.

கூடையை விட்டாள். இரண்டு எட்டு பின்னால் போனாள். வலது கை போய்ப் பிடரியை மூடிக்கொண்டது. வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது. "என்னாச்சு எனக்கு?" என்றாள். "இரு, இருடி, வரேன்." முன்னால் வந்தாள். மறுபடி கால் பின்னால் போயிற்று. மூன்றாவது தடவை அவள் உடம்பே நடுங்க ஆரம்பித்தது. "கை மேல போவமாட்டேங்குதுடி சௌந்தரம். ஏன்டி? உங்கிட்ட போய் ஏன்டி எனக்கு இப்படி ஆவுது?"

கூடை சௌந்தரத்தின் கையில் தனியாக நின்றது. அவள் அதை மெல்லக் கீழே வைத்தாள்.

"அத்த?" என்றாள் சினேகா.

"கோர்ட்டுல இது செல்லாது," என்றாள் பிரிசில்லா. "ஒரு நோயாளி ரெண்டு எட்டு பின்னால போனா அதுக்கு எந்த ஜட்ஜும் தீர்ப்பு எழுத மாட்டாரு. நீங்க இல்லேன்னு சொல்லிட்டுப் போயிடலாம் சௌந்தரம்மா. நாளைக்கு சின்னம்மாக்கா கூண்டுல ஏறி சார்லஸ் பேரச் சொல்லுவாங்க. இந்தப் பொண்ணு புள்ளையத் தூக்கிட்டுக் கேப்பர் மலைக்கு நடப்பா."

சௌந்தரம் சினேகாவின் வயிற்றைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எம் பொண்ணு பூஜா," என்றாள். "ஆறு வயசு. அலை வந்த அன்னிக்கு ஞாயித்துக்கெழம. நான் மீனு விக்க வர்றப்ப புள்ளைய இவகிட்ட வுட்டுட்டு வந்தேன். திரும்பிப் போனா புள்ள இல்ல. 'வெளாடப் போயிட்டாடி, நான் பாக்கல'ன்னா. அஞ்சு வருசம் அதையேதான் சொன்னா. அஞ்சு வருசமும் இவதான் எனக்குச் சோறு ஊட்டுனா. இவ இல்லேன்னா நான் அன்னிக்கே கடலுல எறங்கியிருப்பேன்."

சின்னம்மாளின் சிரிப்பு போய்விட்டது. பிடரியில் இருந்த கை அப்படியே இருந்தது.

"போன டிசம்பரு, வருசாந்திரம். கடலுல பால ஊத்திட்டு வந்தோம். மறுநாள் இங்க கூடை தூக்குறோம். இவ குனிஞ்சிட்டா. கை மேல இருக்கு. கீழ பாத்துக்கினே சொல்றா. 'சௌந்தரம், பூஜா எங்கிட்டதான்டி இருந்தா. ஒரு கையில அவ, ஒரு கையில தென்னமரம். ரெண்டாவது அலை வந்தப்ப மரத்துக்கு ரெண்டு கை வேண்டியிருந்துச்சு. கைய விட்டுட்டேன்டி'ன்னு." சௌந்தரம் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். "கூடை என் கையில இருந்துச்சு சிஸ்டர். நானும் விட்டுட்டேன்."

"விட்டீங்களா, அழுத்துனீங்களா?"

சௌந்தரம் விரித்த கைகளை மூடினாள். "அது எனக்குத் தெரியல. என் கையத்தான் கேக்கணும்."

"சார்லஸ் ஓடுறதப் பாத்தேன்னு போலீஸ்ல சொன்னீங்களே."

"ஓடுனான், பாத்தேன். பொய் சொல்லல." தலையைக் குனிந்துகொண்டாள். "நெசத்தையும் சொல்லல."

சின்னம்மாள் தரையில் விழுந்தாள். சௌந்தரத்தின் கால்மாட்டில் விழுந்து மண்ணை அறைந்து அழுதாள். "விட்டுட்டேன்டி... நான்தான்டி விட்டேன்... அவ விரலு என் கையில இருந்துச்சுடி..." சினேகா அம்மாவைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். பக்கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சௌந்தரம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ரயில்வே கேட்டு மூடியது. மயிலாடுதுறைப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிந்து, கேட்டு திறந்து, சைக்கிள் மணிச் சத்தம் கேட்டபோது சின்னம்மாளின் அழுகை விக்கலாகத் தேய்ந்திருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஈரமான முந்தானையை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு எதிரில் பார்த்தாள்.

"என்னடி சௌந்தரம், கண்ணு ஏன் இப்படிச் சிவந்து கெடக்கு? யாரு என்ன சொன்னா? எழுந்திரு, மீனு கெட்டுப்போவும். கை குடு."

சௌந்தரம் எழுந்தாள். கை கொடுத்தாள். சின்னம்மாள் விளிம்பைப் பிடித்தாள், குனியப் போனாள், நின்றாள். கால் பின்னால் போயிற்று. இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பக்கிரி," என்றாள் சௌந்தரம், கூடையை வைத்துவிட்டு. "ஆட்டோவ எடு. ஸ்டேஷனுக்குப் போவணும்."

வழியெல்லாம் பக்கிரி ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. சௌந்தரம் இறங்கும்போது மட்டும், "பாத்து எறங்குக்கா, படி ஒசரம்" என்றான்.

*

ஆகஸ்ட் கடைசியில் பிரிசில்லா நாச்சியார்குப்பத்துக்கு ஒருமுறை போனாள். சினேகாவுக்குப் பெண் குழந்தை. தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. சார்லஸ் மெலிந்துபோயிருந்தான். விடியற்காலையில் மாமியாரை மீன் வேன் நிற்கும் இடத்துக்கு அவன்தான் கூட்டிப்போகிறான். அவள் விற்கப் போவதில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டுத் திரும்புவாள். அது இல்லாவிட்டால் அன்றைக்கெல்லாம் தவித்துப்போவாளாம்.

பிரிசில்லா போனபோது அவன் கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"எம் பொண்ண இழுத்துட்டு ஓடுனவனே, உங்கிட்டயெல்லாம் கை வாங்கணும்னு என் தலையில எழுதியிருக்கு பாரு!" என்று திட்டினாள் சின்னம்மாள். திட்டிக்கொண்டே குனிந்தாள். இரண்டு கையும் மேலே போயின. வாசல்படியில் மிளகாய் போடாத மீனோடு தூக்கு தயாராக இருந்தது.

கூடை தலையில் ஏறியதும் தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள்.

"சௌந்தரம் எங்கடா?"

இப்படிக் கேட்ட முதல் நாள் சினேகா உண்மையைச் சொன்னாள். சின்னம்மாள் புதிதாகக் கேட்கிறவள் போல மண்ணில் விழுந்து அழுதாள். இரண்டாம் நாளும் சொன்னாள், இரண்டாம் நாளும் அதே அழுகை. மூன்றாம் நாளிலிருந்து சார்லஸ் பதில் சொல்ல ஆரம்பித்தான்.

"நெல்லிக்குப்பம் போயிருக்காங்க அத்த. சொந்தக்காரங்க வீட்டுக்கு."

"எப்போ வருவா?"

"வந்துடுவாங்க."

சின்னம்மாள் நாலு எட்டு நடந்தாள். நின்றாள். கூடையைப் பிடித்திருந்த வலது கை மட்டும் இறங்கி, மெல்லப் போய், பிடரியைத் தொட்டுக்கொண்டது.

"வந்தா சொல்லுடா," என்றாள். "அவகிட்ட ஒண்ணு சொல்லணும். பூஜாவப் பத்தி. ரொம்ப நாளா மனசுல கெடக்கு, சொல்லவே தைரியம் வரல. இந்தத் தடவ வந்தா சொல்லிடணும்."